கேலரி மேல் ட்ரோன் விடச் சொல்கிறார்கள், விடலாமா?

கேள்வி: ஐயா, நான் கொளத்தூரில் கல்யாண வீடியோ எடுக்கும் தொழில் செய்கிறேன். சொந்தமாக இரண்டு ட்ரோன் இருக்கிறது. ஒன்று 249 கிராம், இன்னொன்று 900 கிராம் சொச்சம். வியாசர்பாடிப் பக்கம் ஒரு திடலில் செவன்ஸ் ஃபுட்பால் ஃபைனல், ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம், லைட் வெளிச்சத்தில் நடக்கிறது. மூவாயிரம் பேருக்குக் குறையாமல் வருவார்கள் என்கிறார்கள். கேலரிக்கு மேலே தாழ்வாக ஒரு ரவுண்டு வர வேண்டும், கோல் விழுந்ததும் கூட்டம் துள்ளுவதை நேர் மேலிருந்து எடுக்க வேண்டும் என்று கமிட்டி கேட்கிறது. சின்ன ட்ரோனுக்கு எந்தப் பர்மிஷனும் வேண்டாம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். உண்மையா? ஏதாவது ஆனால் ‘நாங்க பாத்துக்கறோம்’ என்கிறார்கள் கமிட்டியில். அதை நம்பலாமா? நான் முடியாது என்றால் பாதி ரேட்டுக்கு வேறு ஆள் தயாராக இருக்கிறாராம். என்ன செய்வது?

பதில்:

தம்பி,

பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன், காரணங்களை அப்புறம் பார்க்கலாம். கேலரிக்கு மேலே விடாதீர்கள். சின்ன ட்ரோனாக இருந்தாலும் சரி, பெரியதாக இருந்தாலும் சரி. ஃபைனலை எடுக்கலாம், நன்றாகவே எடுக்கலாம். ஆனால் ஒரு ஆள் தலைக்கு மேல்கூடப் போகாமல் எடுக்க வேண்டும். கமிட்டி சொல்லும் ‘நாங்க பாத்துக்கறோம்’ உங்களைக் காப்பாற்றாது. ரிமோட் யார் கையில் இருக்கிறதோ அவர்தான் பொறுப்பு. ட்ரோன் ஓட்டக் கற்றுத்தருவது என் தொழில். வகுப்பில் முதல் நாள் சொல்வதும் இதைத்தான், கடைசி நாள் சொல்வதும் இதைத்தான்.

முதலில் அந்த 249 கிராம் விஷயம். நண்பர்கள் சொன்னதில் பாதி உண்மை. 2021 ஆகஸ்ட் 25 அன்று அறிவிக்கப்பட்ட ட்ரோன் விதிகள் எடையை வைத்து வகை பிரிக்கின்றன. 250 கிராம் வரை நானோ. அதற்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ. நானோவை ஓட்ட பைலட் சான்றிதழ் தேவையில்லை, மூன்றாம் நபர் காப்பீடும் கட்டாயமில்லை. சலுகை அவ்வளவுதான். யூ.ஐ.என். என்று சொல்கிறோமே, அந்தப் பதிவு எண் நானோவுக்கும் வேண்டும். எங்கே பறக்கலாம், எங்கே கூடாது என்ற கட்டுப்பாடும் நானோவுக்கு அப்படியே பொருந்தும். அனுமதி இல்லாமல் பறக்கக் கூடாத சிவப்பு மண்டலத்தில் 249 கிராமும் குற்றம்தான், 2 கிலோவும் குற்றம்தான்.

இன்னொன்று. விதி கணக்கில் எடுப்பது ட்ரோன் பெட்டியில் அச்சிட்ட எடையை இல்லை. மேலே ஏறும்போது அதில் மாட்டியிருக்கும் அத்தனையும் சேர்த்த எடை. பாதுகாப்புக்காக இறக்கையைச் சுற்றித் தடுப்பு வளையம் மாட்டுகிறீர்கள், இருட்டில் தெரியட்டும் என்று மினுக்கும் லைட் ஒன்று ஒட்டுகிறீர்கள், கூடுதல் நேரம் வரட்டும் என்று பெரிய பேட்டரி போடுகிறீர்கள். 249-இல் இருந்து 250-ஐத் தாண்ட ஒரே ஒரு கிராம் தான் இடைவெளி. தாண்டிய நிமிடம் உங்கள் ட்ரோன் மைக்ரோ ஆகிவிட்டது. கிளம்புவதற்கு முன் சமையலறைத் தராசில் ஒருமுறை வைத்துப் பாருங்கள்.

மைக்ரோவை சும்மா பொழுதுபோக்காக ஓட்டினால் பைலட் சான்றிதழ் வேண்டாம். காசு வாங்கிக்கொண்டு ஓட்டினால் வேண்டும். நீங்கள் கல்யாணத்துக்கும் காசு வாங்குகிறீர்கள், இந்தப் போட்டிக்கும் வாங்கப் போகிறீர்கள். ஆகவே உங்கள் 900 கிராம் ட்ரோனுக்குச் சான்றிதழும் வேண்டும், காப்பீடும் வேண்டும். கடிதத்தில் இரண்டைப் பற்றியும் ஒரு வார்த்தை இல்லை. அவை இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமை அந்த ட்ரோனை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். சான்றிதழ் வாங்குவது பெரிய மலை இல்லை. வயது 18-இல் இருந்து 65-க்குள், பத்தாவது பாஸ், மத்திய அரசின் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ. அங்கீகரித்த பள்ளியில் பயிற்சி. வாங்கினால் 10 வருடம் செல்லும். குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தில் அண்ணா பல்கலைக்கழகமே பயிற்சி தருகிறது. கல்யாண சீசன் முடிந்ததும் முதல் வேலையாக அதைச் செய்யுங்கள். முழுதாகத் தயாரித்த வெளிநாட்டு ட்ரோனை இறக்குமதி செய்ய 2022 பிப்ரவரி முதல் தடை இருக்கிறது. அதற்குப் பிறகு ரிச்சி ஸ்ட்ரீட்டிலோ தெரிந்தவர் மூலமாகவோ பில் இல்லாமல் வாங்கிய ட்ரோன் என்றால், பதிவு எண்ணுக்கே முட்டுக்கட்டை வரும். எண் இல்லாத ட்ரோனோடு ஒரு விபத்தில் மாட்டினால் பேசவே வழி இருக்காது.

சரி, இடம். மத்திய அரசின் ட்ரோன் இணையதளமான டிஜிட்டல் ஸ்கையில் உள்ள வரைபடத்தில் நாடு முழுக்க பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரித்திருக்கிறார்கள். பச்சையில் 400 அடி வரை, அதாவது 120 மீட்டர் வரை, முன் அனுமதி இல்லாமல் பறக்கலாம். விமான நிலையச் சுற்றுச்சுவரில் இருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் வரை உள்ள பகுதியில் அது 200 அடிதான். மஞ்சளுக்கு விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டின் அனுமதி வேண்டும். சிவப்புக்கு மத்திய அரசின் அனுமதி. நங்கநல்லூர்க்காரரோ பல்லாவரத்துக்காரரோ இதே கேள்வியைக் கேட்டிருந்தால், மீனம்பாக்கம் விமான நிலையம் பக்கத்தில் இருப்பதால் அங்கேயே பேச்சை முடித்திருப்பேன். வியாசர்பாடி விமான நிலையத்தில் இருந்து தள்ளித்தான் இருக்கிறது. ஆனாலும் வடசென்னையில் துறைமுகம் இருக்கிறது, மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை இருக்கிறது. ஆகவே பேட்டை பெயரை வைத்து முடிவு செய்யாமல், திடலின் சரியான இடத்தை வரைபடத்தில் குத்திப் பாருங்கள்.

பச்சை என்று வந்துவிட்டால் வேலை முடிந்தது என்றும் நினைக்காதீர்கள். அவசரம் என்றால் மாநில அரசோ காவல்துறையோ ஒரு பகுதியைத் தற்காலிக சிவப்பு மண்டலம் என்று அறிவிக்கலாம், ஒரு தடவைக்கு 96 மணி நேரம் வரை. சென்னையில் முக்கியப் பிரமுகர் வருகை, பெரிய விழா, பெரிய மேட்ச் என்றால் போலீஸ் ட்ரோனுக்குத் தடை போடுவது நமக்குப் பழகிய விஷயம். எனவே கமிட்டியிடம் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, பரிசு கொடுக்க யார் வருகிறார் என்பது. அமைச்சர் வருகிறார் என்றால் சனிக்கிழமை பச்சையாக இருந்த இடம் ஞாயிறு மத்தியானம் சிவப்பாகலாம். ட்ரோனைக் கிளப்பும் முன் ஒவ்வொரு முறையும் டிஜிட்டல் ஸ்கையில் அறிவிப்பு ஏதும் இருக்கிறதா என்று பார்ப்பது பைலட்டின் கட்டாயக் கடமை என்று விதியிலேயே இருக்கிறது. ‘எனக்குத் தெரியாது சார்’ என்ற பதில் அங்கே எடுபடாது.

அமெரிக்காவில் இதற்கு நிலையான ஒரு கோடு போட்டுவிட்டார்கள். 30,000 பேருக்கு மேல் உட்காரக்கூடிய மைதானத்தில் அவர்களுடைய பெரிய லீக் ஆட்டம் நடந்தால், ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்பிருந்து முடிந்து ஒரு மணி நேரம் வரை, சுற்றி ஐந்தரை கிலோமீட்டருக்கு ட்ரோன் கூடாது. நம் 2021 விதிகளில் விளையாட்டுக் கூட்டத்துக்கென்று இப்படித் தனி விதி கிடையாது. பலர் இதைத்தான் சாதகமாக எடுத்துக்கொள்கிறார்கள். விதியில் கூட்டம் என்ற பேச்சே இல்லையே, அப்புறம் என்ன தடை என்று கேட்கிறார்கள். தடை வேறு சட்டத்தில் இருக்கிறது, அதற்கு வருகிறேன். அதற்கு முன் அந்தக் கேலரிக்கு மேலே உண்மையில் என்ன நடக்கும் என்பதைப் பார்த்துவிடுவோம். எனக்கு முக்கியம் அதுதான்.

உங்கள் ட்ரோனுக்கு நான்கு இறக்கை. நான்கில் ஒன்று போனாலும் அதனால் நிலையாக நிற்க முடியாது, சுற்றிக்கொண்டே விழும். 30 மீட்டர் உயரத்தில் இருந்து தரைக்கு வர இரண்டரை விநாடி போதும். ‘ஐயோ’ என்று நீங்கள் கத்தி, கீழே இருப்பவர் நிமிர்ந்து பார்ப்பதற்குள் முடிந்துவிடும். 900 கிராம் ட்ரோன் அந்த உயரத்தில் இருந்து விழுந்தால், காற்றுத் தடையைக் கழித்த பிறகும் அதன் அடி, 140 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கிரிக்கெட் பந்தின் அடிக்கு ஏறக்குறைய சமமாக இருக்கும். பேட்ஸ்மேன் ஹெல்மெட் போட்டு, பந்து வரும் திசையைப் பார்த்தபடி நிற்கிறார். கேலரியில் உட்கார்ந்திருப்பவர் கோல்போஸ்ட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறார், மடியில் குழந்தையோடு. நானோ விழுந்தால் அடி குறைவுதான், ஆனால் சுற்றிக்கொண்டிருக்கும் இறக்கை கண்ணில் பட்டால் 249 கிராம் என்பதில் என்ன ஆறுதல்?

‘நான் கூட்டத்துக்கு மேல் இல்லை, கிரவுண்டுக்கு மேல்தான் இருப்பேன்’ என்று சிலர் சொல்வதுண்டு. விழும்போது ட்ரோன் நேர் கீழே வராது. விநாடிக்கு 8 மீட்டர் வேகத்தில் முன்னோக்கிப் போய்க்கொண்டிருந்தால், அந்த இரண்டரை விநாடியில் 20 மீட்டர் வரை தள்ளிப் போய் விழும். செவன்ஸ் திடலின் அகலம் எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும். கோட்டை ஒட்டித்தான் ஆட்கள் நிற்பார்கள். மைதான நடுவில் மேலே இருந்தது கேலரியில் வந்து இறங்கும். ஆகவே நாங்கள் கற்றுத்தரும் கணக்கு சுலபமானது. எவ்வளவு உயரத்தில் பறக்கிறீர்களோ, குறைந்தது அவ்வளவு தூரம் ஆட்களைவிட்டுத் தள்ளி இருங்கள். வேகமாகப் போனாலோ காற்று அடித்தாலோ இன்னும் கூட்டிக்கொள்ளுங்கள். ஆஸ்திரேலியாவில் எந்த மனிதரிடம் இருந்தும் 30 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்பது விதி.

ஐரோப்பிய விதியில் கூட்டம் என்பதற்கு எண்ணிக்கை சொல்லவில்லை. நெருக்கத்தால் விலகி ஓட முடியாத நிலையில் ஆட்கள் இருந்தால் அது கூட்டம். எனக்கு இது மிகச் சரியாகப் படுகிறது. ஏனென்றால் ட்ரோன் ஒரே ஒருவர் மேல் விழுந்தாலும் ஆபத்து அவரோடு நிற்பதில்லை. தகரமும் சவுக்குக் கட்டையும் கட்டிய தற்காலிக கேலரி, இறங்க ஒரே வழி, மேலே ஏதோ விழுந்தது என்று ஒரு மூலையில் சத்தம். அப்புறம் என்ன ஆகும்? 2025 ஜூன் 4 அன்று பெங்களூரு சின்னசாமி மைதானத்துக்கு வெளியே நெரிசலில் 11 பேர் இறந்தார்கள். அதற்கும் ட்ரோனுக்கும் சம்பந்தம் இல்லை. கொண்டாட வந்த கூட்டம் எத்தனை சீக்கிரம் நெரிசலாக மாறுகிறது என்பதற்காகச் சொல்கிறேன். அந்த முதல் தள்ளுமுள்ளுக்கு உங்கள் ட்ரோன் காரணமாக இருக்கக் கூடாது.

கை தேர்ந்தவர்களுக்கு இதெல்லாம் நடக்காது என்று நினைக்க வேண்டாம். 2015 டிசம்பர் 22 அன்று இத்தாலியில் உலகக் கோப்பைப் பனிச்சறுக்குப் போட்டி. மார்செல் ஹிர்ஷர் என்ற ஆஸ்திரிய வீரர் சரிவில் இறங்கிக்கொண்டிருக்கும்போது, போட்டியை ஒளிபரப்பிய தரப்பின் கேமரா ட்ரோன் அவருக்கு நேர் பின்னால் விழுந்து நொறுங்கியது. ஒரு நொடி முன்பின் ஆகியிருந்தால் அவர் முதுகில். தொலைக்காட்சியில் உலகமே பார்த்தது. சர்வதேசப் பனிச்சறுக்குக் கூட்டமைப்பு அதன் பிறகு தன் போட்டிகளில் கேமரா ட்ரோனுக்குத் தடை போட்டது. அதற்கு முந்தைய ஆண்டு ஆஸ்திரேலியாவில் ஜெரால்ட்டன் என்ற ஊரில் டிரையத்லான் ஓடிக்கொண்டிருந்த பெண்ணுக்குத் தலையில் காயம், அதுவும் போட்டியைப் படம் எடுத்த ட்ரோன் விழுந்த சம்பவத்தில்தான். இரண்டு இடத்திலும் ட்ரோன் ஓட்டியவர்கள் வேடிக்கைக்கு வந்தவர்கள் இல்லை. உங்களைப் போல வேலைக்காக வந்தவர்கள்.

நம் ஊர்த் திடலில் இன்னும் சில விஷயங்கள் கூடும். இவற்றைப் பயிற்சிப் புத்தகம் சொல்லாது.

ஒன்று, சிக்னல். உங்கள் ரிமோட் பேசுவது 2.4 அல்லது 5.8 கிகாஹெர்ட்ஸில். கூட்டத்தில் இருக்கும் போன்களின் வைஃபை, ஹாட்ஸ்பாட், புளூடூத் எல்லாம் அதே அலைவரிசைகளில்தான் இருக்கின்றன. மத்தியானம் காலி மைதானத்தில் சோதித்தபோது கண்ணாடி மாதிரி வந்த வீடியோ, சாயந்திரம் மூவாயிரம் பேர் நடுவில் விட்டு விட்டு வரும். சிக்னல் போனால் ட்ரோன் என்ன செய்ய வேண்டும் என்று செட்டிங்கில் நீங்கள்தான் சொல்லி வைத்திருப்பீர்கள். ‘லேண்ட்’ என்று வைத்திருந்தால், எங்கே இருக்கிறதோ அங்கேயே இறங்கும். கீழே யார் இருக்கிறார்கள் என்று பார்க்காது. ‘ரிட்டர்ன் டு ஹோம்’ என்று வைத்திருந்தால் கிளம்பிய இடத்துக்குத் திரும்பும். இங்கேதான் பலர் தவறவிடுவது. நான்கு மணிக்கு முதல் முறை ட்ரோனைக் கிளப்பியபோது கோல்போஸ்ட்டுக்குப் பின்னால் இடம் காலியாகக் கிடந்திருக்கும். ஆறரை மணிக்கு ட்ரோன் தானாக வந்து இறங்கும்போது அதே இடத்தில் ஐம்பது பசங்கள் நின்றுகொண்டிருப்பார்கள். அதனால் ஹோம் பாயிண்டை யாரும் நுழைய முடியாத இடத்தில் வையுங்கள், ஒவ்வொரு முறை கிளப்பும்போதும் புதிதாகப் பதிவாகிறதா என்று பாருங்கள். திரும்பும் உயரம் லைட் கம்பத்தைவிட, பக்கத்து மாடியைவிட, போன் டவரைவிட அதிகமாக இருக்கட்டும்.

பக்கத்து வீட்டு மொட்டை மாடி நல்ல யோசனைதானே என்று தோன்றும். மாடி தளத்துக்குள் இருக்கும் இரும்புக் கம்பி ட்ரோனின் திசைகாட்டியைக் குழப்பிவிடும். கிளம்பியதும் கோணலாக இழுத்துக்கொண்டு போகும். திடலிலேயே ஒரு மூலையைப் பத்துக்குப் பத்து மீட்டர் கயிறு கட்டி, கமிட்டி ஆள் ஒருவரை அங்கே நிறுத்தி வைப்பதுதான் நல்லது. ட்ரோன் இறங்குவதைப் பார்த்தால் பிள்ளைகள் ஓடி வருவார்கள், அது எல்லா ஊரிலும் நடப்பது. அந்த ஆளின் வேலை அவர்களைத் தடுப்பது மட்டும்தான்.

இரண்டாவது, பட்டாசு. ஃபைனலில் கோல் விழுந்தால் சரவெடி இருக்கும், ராக்கெட் இருக்கும், பேப்பர் வெடி இருக்கும். கமிட்டி கேட்கும் ஷாட் அந்த நிமிடத்துக்குத்தான். அதாவது வானத்தில் ராக்கெட் பறக்கும் நேரத்தில், ராக்கெட் கிளம்பும் இடத்துக்கு நேர் மேலே உங்கள் ட்ரோன் நிற்க வேண்டும் என்கிறார்கள். அப்புறம் பட்டம். மாஞ்சா நூல் சென்னையில் தடை செய்யப்பட்டதுதான், ஆனால் வடசென்னையில் ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் வானத்தைப் பார்த்தவருக்கு நான் மேலே சொல்ல வேண்டியதில்லை. அந்த நூல் இறக்கையில் சுற்றினால் மோட்டார் நின்றுவிடும், இருட்டில் நூல் கண்ணுக்கே தெரியாது. திடலுக்குக் குறுக்கே கட்டிய கொடி, கேபிள் வயர், பேனர் கயிறு எல்லாவற்றையும் வெளிச்சம் இருக்கும்போதே நடந்து பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, சத்தம். பேண்டு அடிக்கும்போது உங்கள் பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் காதில் விழாது. நீங்கள் மானிட்டரைப் பார்க்கும்போது ட்ரோனையே பார்த்துக்கொண்டிருக்க ஒரு ஆள் கட்டாயம் வேண்டும், அவர் மானிட்டர் பக்கம் திரும்பவே கூடாது. சத்தத்தில் பேச முடியாது என்பதால் தோளில் ஒரு தட்டு என்றால் நில், இரண்டு தட்டு என்றால் இறக்கு என்று முன்னாலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். போலீஸ் ட்ரோன் வந்தாலும் அவர்தான் முதலில் பார்ப்பார். சென்னைக் காவல்துறைக்கு 2023 முதல் தனி ட்ரோன் பிரிவே இருக்கிறது, கூட்டம் கூடும் இடங்களில் அவர்கள் பறக்கவிடுகிறார்கள். அவர்கள் ட்ரோன் மேலே வந்தால் உங்களுடையது உடனே கீழே வர வேண்டும்.

இனி பொறுப்பு. ட்ரோன் விதிகளை மீறினால் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். அது சின்ன விஷயம். யாருக்காவது அடிபட்டால் பாரதிய நியாய சன்ஹிதா வரும். 2024 ஜூலை 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் இருப்பது அதுதான். 125-ஆம் பிரிவு, அடுத்தவர் உயிருக்கோ பாதுகாப்புக்கோ ஆபத்து வரும்படி அசட்டையாக நடந்துகொண்டால் தண்டனை என்கிறது. யாருக்கும் அடிபடாவிட்டாலும் மூன்று மாதம் வரை சிறை உண்டு. காயம் பட்டால் ஆறு மாதம், கொடுங்காயம் என்றால் மூன்று வருடம் வரை. உயிர் போனால் 106-ஆம் பிரிவு, ஐந்து வருடம் வரை. போலீஸ் தடை போட்டிருந்தும் பறக்கவிட்டால் 223-ஆம் பிரிவும் சேரும். இது எதிலும் 249 கிராமுக்கு விலக்கு இல்லை. கூட்டத்தைப் பற்றி ட்ரோன் விதியில் வரி இல்லையே என்று சொல்பவர்களுக்கு நான் காட்டுவது இந்த 125-ஐத்தான்.

பண விஷயம் தனி. ட்ரோனால் உயிருக்கோ உடைமைக்கோ சேதம் வந்தால், மோட்டார் வாகனச் சட்டத்தின் காப்பீட்டு, இழப்பீட்டு முறைகளே ட்ரோனுக்கும் பொருந்தும் என்று விதி சொல்கிறது. வண்டி விபத்து வழக்கில் எவ்வளவு தொகை பேசுகிறார்கள் என்று பார்த்திருப்பீர்கள். நானோவுக்குக் காப்பீடு கட்டாயமில்லை என்பதால் நஷ்டஈடு இல்லை என்று ஆகிவிடாது. காப்பீடு இல்லாவிட்டால் அந்தத் தொகை உங்கள் கையில் இருந்து போகும், அவ்வளவுதான் வித்தியாசம். அதனால் நானோவுக்கும் பாலிசி எடுத்துவிடுங்கள் என்றுதான் சொல்வேன்.

கமிட்டி எழுதியே கொடுத்தால்? வாங்கிக்கொள்ளுங்கள். நஷ்டஈடு கட்ட நேர்ந்தால் அவர்களிடம் கேட்க அது உதவலாம். ஆனால் குற்ற வழக்கை ஒருவருக்குப் பதில் இன்னொருவர் ஏற்றுக்கொள்ள முடியாது. கூட்டத்துக்கு மேல் விடச் சொல்லி வற்புறுத்தியது கமிட்டி என்று தெரிந்தால் அவர்களும் சேர்ந்து மாட்டலாம், உங்கள் பங்கு அதனால் குறையாது. அதிலும் ‘பாத்துக்கறோம்’ என்று சொல்பவர் ஃபைனல் முடிந்ததும் அடுத்த வருடம் கமிட்டியில் இருப்பாரா என்பதுகூடத் தெரியாது.

நீங்கள் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. கூட்டம் சேரும் முன்பே போய் காலித் திடலை மேலிருந்து எடுத்துவிடுங்கள், வெயில் சாயும் நேரம் அழகாக வரும். ஆட்டத்தின்போது ஆட்கள் இல்லாத பக்கமாக, திடல் எல்லைக்கு வெளியே, சாய்ந்த கோணத்தில் நின்ற இடத்திலேயே நில்லுங்கள். அங்கிருந்து கேலரியும் ஆட்டமும் ஒரே ஃபிரேமில் கிடைக்கும். நேர் மேலிருந்து எடுத்தால் வெறும் தலைகள்தான் தெரியும். முகம் தெரிந்தால்தானே துள்ளல் தெரியும்? அந்தத் துள்ளலுக்கு ஜிம்மி ஜிப்பை, அதாவது நீளக் கை வைத்த கேமரா கிரேனை, கொண்டுவந்து கேலரி ஓரத்தில் நிறுத்துங்கள். கல்யாணத்தில் பயன்படுத்துவதுதான், உங்களுக்குக் கை பழகியது. இரண்டு கேமராவையும் வைத்து வெட்டினால், நான் பந்தயம் கட்டுகிறேன், கமிட்டி கேட்டதைவிட நன்றாக வரும். ஆட்டக்காரர்கள் தலைக்கு மேலும் போகாதீர்கள். உயரமாகத் தூக்கி அடிக்கும் பந்து ட்ரோனில் படும், நடுவர் ஆட்டத்தை நிறுத்துவார், தோற்ற அணி உங்களைத்தான் காரணம் சொல்லும். நடுவரிடமும் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

பச்சை மண்டலமாகவே இருந்தாலும் அந்தப் பகுதிக் காவல் நிலையத்தில் ஒரு கடிதம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். ட்ரோன் பதிவு எண், நேரம், உயரம், நீங்கள் நிற்கப்போகும் இடம், போன் நம்பர். கூட்டத்துக்கு மேல் பறக்க மாட்டேன் என்றும் அதில் ஒரு வரி எழுதுங்கள். மாநகராட்சித் திடல் என்றால் அங்கேயும் கமிட்டி மூலம் சொல்லிவிடுங்கள். பேட்டரி மூன்றில் ஒரு பங்குக்கு வரும்போதே இறக்கிவிடுங்கள். எல்லாம் மீறி விபத்து நடந்துவிட்டால், முதலில் அடிபட்டவரைக் கவனியுங்கள், 108-ஐ அழையுங்கள். மெமரி கார்டையும் ட்ரோனையும் தொடாமல் வையுங்கள். 48 மணி நேரத்துக்குள் டிஜிட்டல் ஸ்கையில் விபத்தைத் தெரிவிக்க வேண்டும், அதுவும் பைலட்டின் கடமை.

கமிட்டியிடம் எப்படிச் சொல்வது என்று தயங்க வேண்டாம். இப்படிச் சொல்லிப் பாருங்கள்: “அண்ணே, கேலரி மேல ட்ரோன் விட மாட்டேன். கீழ விழுந்தா நம்ம பசங்க மேலதான் விழும். சைடுல இருந்து எடுத்து, ஜிப்பும் வச்சு, நீங்க கேக்கறதவிட நல்லா குடுக்கறேன். ஒரு மூலைய கயிறு கட்டி ஒரு ஆள நிக்க வையுங்க, போதும்.” அந்தக் கேலரியில் உட்காரப் போவது அவர்கள் வீட்டுப் பிள்ளைகளும்தான். சொல்கிற விதமாகச் சொன்னால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

ஒத்துக்கொள்ளாமல் பாதி ரேட்டு ஆளைத்தான் கூப்பிடுவோம் என்றால் விட்டுவிடுங்கள். அந்த ஆளையும் உங்களுக்குத் தெரிந்திருக்கும், ஒரே ஏரியாவில் தொழில் செய்கிறவர்கள்தானே. அவருக்கு ஒரு போன் போட்டு இதையெல்லாம் சொல்லுங்கள்.